பழைய ஹாட் டப்பும் அமீபாவுக்குள் குடியிருக்கும் கிருமியும்

கனடாவில் பழைய வீடு வாங்கியிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "கொல்லைப்புறத்தில் ஒரு ஹாட் டப் இருக்கிறது. பல வருடமாக யாரும் தொடவில்லை. தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, சுவிட்சைப் போட்டால் போதாதா?"

போதாது. ஹாட் டப் என்பது பம்ப் வெந்நீரையும் காற்றையும் ஜெட் துளைகள் வழியாகப் பீய்ச்சிக் குமிழி எழுப்பும் குளியல் தொட்டி. சுவிட்சைப் போடுவதற்கு முன்பே ஓர் எலக்ட்ரீஷியன் வர வேண்டும். சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று அவர் பார்க்கட்டும். பைப்பில் தேங்கிய நீர் குளிரில் உறைந்து 9 சதவீதம் பெருத்து, பம்பையோ இணைப்பையோ பிளந்திருக்கலாம். இவையெல்லாம் சோதித்துப் பார்த்தால் வெளியே தெரிந்துவிடும் கோளாறுகள். ஒழுகும், அல்லது ட்ரிப் ஆகும். தெரியாமல் இருப்பது பைப்புக்குள் ஒட்டியிருக்கும் வழவழப்பு.

பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசைக்குள் கூட்டமாக வாழும் படலம் அது. தொட்டியை வடித்தாலும் ஜெட்டுகளுக்குப் போகும் வளைவுகளில் ஈரம் தங்கிவிடும். அங்கே அமீபாக்கள் இந்தப் படலத்தை மேய்ந்துகொண்டிருக்கும். அமீபா ஒரு பாக்டீரியாவை விழுங்கினால் அதை ஒரு பைக்குள் அடைத்து, செரிமான நொதிகளை ஊற்றிக் கரைத்துவிடும். ஆனால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவிடம் இந்த வேலை நடக்காது. உள்ளே போன உடனே அது ஊசி போன்ற ஓர் அமைப்பால் முந்நூறுக்கும் மேற்பட்ட வகைப் புரதங்களை அமீபாவின் உடலுக்குள் செலுத்துகிறது. அவை நொதிகள் வரும் வழியை அடைத்து, அமீபாவின் உள்சவ்வுகளையே இழுத்துவந்து பையின்மேல் போர்த்துகின்றன. விருந்துக்கு வந்தவன் வீட்டுப் பத்திரத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட கதைதான். உள்ளேயே பெருகி, கடைசியில் அமீபாவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

நம் நுரையீரலில் கிருமிகளை விழுங்கிக் காவல் காக்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் ஏறக்குறைய இதே முறையில்தான் இயங்குகின்றன. அமீபாவிடம் பழகிய வித்தை அப்படியே அங்கேயும் பலிக்கிறது. விளைவு, கடுமையான நிமோனியா. இந்தக் கிருமிக்கு மனிதன் தேவையே இல்லை. நாம் தற்செயலாக மாட்டிக்கொள்கிறோம்.

அமீபாவுக்குள் லெஜியோனெல்லா வளர்வதை 1980-இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரப் பொதுச் சுகாதார ஆய்வகத்தைச் சேர்ந்த டிமோத்தி ரௌபாதம். அமீபாவை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் நிதிக்குழுக்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

சரி, பைப்பில் இருப்பது நுரையீரலுக்கு எப்படி வருகிறது? குமிழிகள் வழியாக. மேலே வந்து உடையும் ஒவ்வொரு குமிழியும் நுண்துளிகளைத் தெறிக்கவிடுகிறது. மிகச் சிறியவை காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே போகும். 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் பார்வைக்கு வைத்திருந்த ஹாட் டப்பிலிருந்து கிருமி பரவி 30 பேருக்கு மேல் இறந்தார்கள். யாரும் அதில் குளிக்கவில்லை, பக்கத்தில் நடந்துபோனார்கள், அவ்வளவுதான்.

"வெந்நீரில் கிருமி ஏது?" என்பார்கள். ஹாட் டப்பின் 38 முதல் 40 டிகிரி இந்தக் கிருமிக்கு மிகவும் பிடித்த சூடு. கொல்ல வேண்டியது குளோரின். ஆனால் அமீபா ஓடு கட்டிக்கொண்டு சுருண்டுவிட்டால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினில்கூட உள்ளே இருக்கும் லெஜியோனெல்லா பிழைப்பதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். அதனால் முதல் வேலை படலத்தைப் பெயர்ப்பது.

தொட்டியை நிரப்பி, பைப் கழுவுவதற்கென்றே விற்கும் திரவத்தை ஊற்றி, காற்று வால்வுகள் உட்பட எல்லா ஜெட்டுகளையும் ஓடவிட வேண்டும். மூடியைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். கிட்டே வர வேண்டியிருந்தால் என்95 முகக்கவசம் அவசியம். பழுப்பு நுரையும் திட்டுத்திட்டான அழுக்கும் கிளம்பும். வடித்து, துடைத்து, அழுக்கு வருவது நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். பழைய ஃபில்டரைத் தூக்கிப்போடுங்கள். அப்புறம்தான் அதிக அளவு குளோரின், மறுபடி வடித்தல், புதுத் தண்ணீர்.

அன்றாடப் பயன்பாட்டில் குளோரின் 3 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குறையாமலும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.0 முதல் 7.8 வரையிலும் இருக்கட்டும். பிஎச் 7.5-ஐத் தாண்டினால் குளோரினில் பாதிக்கு மேல் வீரியம் குறைந்த வடிவத்துக்கு மாறிவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றும், வினிகர் ஊற்றிக் கழுவும் யோசனையைக் குளோரினோடு சேர்த்து முயன்றுவிடாதீர்கள்: கிளம்புவது குளோரின் வாயு, முதல் உலகப் போரில், 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ரா போர்க்களத்தில் பயன்படுத்திய அதே விஷம்.

இன்னொன்று. தொட்டியின் அடியிலும் பக்கத்திலும் பம்ப் நீரை உறிஞ்சும் துளைகள் இருக்கும். 2002-இல் அமெரிக்காவில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி அந்த உறிஞ்சலில் சிக்கி இறந்த பிறகு, 2007-இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. உங்கள் தொட்டி அதற்கு முந்தையது என்றால், அந்தத் துளைகளின் மூடிகளைப் புது வகைக்கு மாற்றாமல் குழந்தைகளை இறக்காதீர்கள்.