எல்லா வீடும் சாவு வீடானபோது

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அங்கே அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டில் உலை வைப்பார்கள், கருமாதி வரை யாராவது வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக் கடலோர ஊர்களில் இதற்கு ஆளில்லை. விசாரிக்க வரவேண்டியவர் வீட்டிலும் சாவு. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பல உடல்களை ஒரே குழியில் புதைத்தார்கள். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத தாய்மார் உண்டு.

மனநல ஆலோசகராக அங்கே போன நான், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். இரண்டு நாளாக யாரும் வரவில்லை. சரி என்று வலை சிக்கெடுக்கும் இடத்தில் போய்க் குந்தினேன். அங்கேதான் பேச்சு வந்தது. "போட்டு புதுசு, இன்ஜின் புதுசு. காலுதான் தண்ணியில இறங்க மாட்டேங்குது" என்றார் ஒருவர். வெளியே இருந்தவர்களோ, நிவாரணம் கிடைக்கிறது, அதனால்தான் தொழிலுக்குப் போகவில்லை என்றார்கள். துக்கத்துக்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பது எவ்வளவு சுலபம்!

அப்புறம் நிவாரணப் பட்டியல் வந்தது. ஊர்ப் பஞ்சாயத்து எண்ணுவது வரி கட்டும் தலைக்கட்டை, அதாவது ஆண் தலைமையில் உள்ள குடும்பத்தை. படகை இழந்தவருக்குக் கணக்கு இருந்தது. மீன் கூடையை இழந்த விதவைக்கும், படகில்லாத கூலிக்காரருக்கும் பல இடங்களில் இல்லை. கூட்டங்களில் நடந்த சண்டையை முதலில் நான் பேராசை என்றே நினைத்தேன். என் தப்புதான். என் சாவையும் சாவாக எண்ணு என்பதுதான் அந்தக் கூச்சல்.

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களுக்கு, மறுபடி கருத்தரிக்க உதவும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அழுது முடிப்பதற்குள் "எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகலாம்?" என்று வீட்டில் கேட்டால், அவள் எங்கே போய் அழுவாள்?

இப்போதும் டிசம்பர் 26 அன்று அங்கே படகுகள் கரையில்தான் நிற்கும். கடலில் பாலும் பூவும் விடுவார்கள். அதற்குச் சில நாள் முன்பே தூக்கம் கெடுவது, நெஞ்சு படபடப்பது, காரணமில்லாத கோபம், கூடுதல் குடி எல்லாம் தலைகாட்டும். அப்படி ஒருவரை அழைத்து வந்தால் நான் முதலில் வீட்டாரிடம் தேதியைத்தான் ஞாபகப்படுத்துவேன். அந்த வாரம் அவரைத் தனியே விடாதீர்கள் என்பேன். மாத்திரை வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.