ஊடாடும் விண்மீன் பேரடை: ஏன் ‘மோதும் அண்டம்’ இல்லை?

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, எம்51 என்ற விண்மீன் பேரடை ஜோடியின் படத்தை யாராவது பகிரும்போதெல்லாம் ‘மோதிக்கொள்ளும் இரு அண்டங்கள்’ என்ற வரியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதில் அண்டம், மோதல் இரண்டுமே எனக்கு உறுத்தும். ஆங்கிலத்தில் இத்தகையவற்றை ‘இன்டராக்டிங் கேலக்ஸி’ என்கிறார்கள்; நான் ‘ஊடாடும் விண்மீன் பேரடை’ என்பேன்.

கேலக்ஸியின் வேர் ‘காலா’ என்ற கிரேக்கச் சொல். பால் என்று பொருள். பாலில் உள்ள கேலக்டோஸ் சர்க்கரைக்கும் அதுவே வேர். இரவு வானில் பால் சிந்தியதுபோல் தெரியும் பட்டைக்கு வைத்த பெயர் அது. நாம் பால்வழி என்கிறோம். வெகுகாலம் அந்த ஒரு பெயரே போதுமானதாக இருந்தது. ஆந்திரமேடா நம் பால்வழிக்கு வெளியே இருக்கும் தனி உலகம் என்பதற்கு வானியலாளர் எட்வின் ஹபிள் தந்த சான்று 1925 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட பிறகு, இத்தகைய எல்லாவற்றுக்கும் ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. ஆங்கிலம் பழைய பெயரையே நீட்டிக்கொண்டது. தமிழில் ‘அண்டம்’ என்றால் எல்லாம் அடங்கிய பிரபஞ்சம் என்றே காதில் விழும்; ‘அண்டத்தில் உள்ளது பிண்டத்தில்’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆகவே விண்மீன் பேரடை. அடை என்றதும் எனக்குத் தேனடைதான் கண்முன் வருகிறது. மொய்த்துக் கிடக்கும் விண்மீன்களுக்கு அது பொருந்தாமலா போகும்?

அடுத்தது, ‘இன்டராக்டிங்’. லத்தீனில் இன்டர் என்றால் இடை, ஆக்ட் என்பது செயல். அதை அப்படியே பெயர்த்தால் இடைவினை. இயற்பியல் பாடத்துக்குச் சரி; படத்தின் கீழே எழுதினால் உயிரில்லை. ஊடாடுதல் வேறு மாதிரியான சொல். ‘கூட்டத்தினூடே நடந்தான்’ என்கிறோமே, அந்த ஊடு. தறியில் பாவு நூல்களுக்கு இடையே குறுக்காக ஓடும் நூலும் ஊடுதான். அந்த நூலைச் சுமந்து நாடா போய் வருகிறது, ஆனால் நூலோடு நூல் முட்டுவதில்லை. (காதலர் பிணக்கான ஊடலை இங்கே இழுக்க வேண்டாம்; அதன் பொருள் வேறு.)

பேரடைகளுக்குள் நடப்பதும் இதுவே. சூரியனை ஒரு மிளகு என்று வைத்துக்கொண்டால், பக்கத்து விண்மீன் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். இவ்வளவு இடைவெளி விட்டு நிற்கும் மிளகுக் கூட்டங்கள் இரண்டு ஒன்றையொன்று கடந்தால் மிளகோடு மிளகு இடிக்க வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். வளிம மேகங்கள் மட்டும்தான் முட்டி நெருக்குண்டு புது விண்மீன்களைப் பிறப்பிக்கும். ‘மோதல்’ என்ற சொல்லுக்கு உரிமை அந்த இடத்தில் மட்டும் உண்டு.

ஆனால் ஈர்ப்பு தொடாமலே இழுக்கும். நிலவு கடலில் ஓதம் எழுப்புவதுபோல, அருகில் வரும் பேரடை மற்றதன் கரையை இழுத்து நீட்டிவிடும். நீண்ட வால்களும் இடைப்பட்ட பாலங்களும் இப்படித்தான் உருவாகின்றன என்று 1972இல் ஆலர் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஜோடிகளில் எம்51உம் ஒன்று.

இனி அந்தப் படம். எம்51 வானில் பரந்து கிடப்பதால், கேமராவின் ஒரு சட்டத்துக்குள் அடங்காது. 2005 ஜனவரியில் ஆறு துண்டுகளாக எடுத்து ஒட்டினார்கள். ஹபிளின் கேமரா நேரடியாக வண்ணப்படம் எடுப்பதில்லை. நீலம், பச்சை, அண்மை அகச்சிவப்பு, ஹைட்ரஜன் ஒளி என்று வடிகட்டிக்கு ஒன்றாகக் கருப்பு வெள்ளையில் எடுத்து, பிறகு நிறம் சேர்ப்பார்கள். சுருள் கைகளின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்திருப்பது கடைசி வடிகட்டியின் வேலை. புது விண்மீன்கள் சூடாக்கிய ஹைட்ரஜன் அது.

ஒரு கையின் நுனியில் மஞ்சளாக ஓர் உருண்டை தொங்கும். ஜோடியில் சின்னதான என்ஜிசி 5195 என்ற பேரடை அது. கை அதைப் பிடித்துக்கொண்டதுபோல் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய பேரடையின் தூசிப்பட்டைகள் அந்த மஞ்சளின் குறுக்கே கருங்கோடுகளாக ஓடுகின்றன. சின்னது முட்டிக்கொண்டு நிற்கவில்லை, பின்பக்கம் போய்விட்டது.