உப்பிய பலகை ஏன் மறுபடி இறங்குவதில்லை?

தக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டில் பழைய அடுக்களையைப் புதுப்பிக்கிறார்கள். ஆசாரி தேக்கில் செய்து தரக் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. அட்டைப்பெட்டியில் தட்டையாக வந்து, நாமே ஸ்க்ரூ முடுக்கிச் சேர்த்துக்கொள்ளும் கேபினெட் அதைவிட மிகவும் மலிவு. "ஆனால் பக்கத்து வீட்டில் இதே மாதிரி வாங்கி, சிங்க்குக்குக் கீழே இருந்த பலகை இரண்டு மழைக்காலத்துக்குள் உப்பிவிட்டது. வெயிலில் போட்டு எடுத்தும் பழைய கனத்துக்கு வரவில்லை. நம்ம ஊருக்கு இது சரிப்படுமா?" என்பது அவர் கேள்வி.

சரிப்படும். ஆனால் அடுக்களையின் எல்லா மூலைக்கும் சரிப்படாது. எந்த மூலைக்கு ஆகாது என்பது அந்த உப்பிய பலகைக்கு உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மலிவான கேபினெட்டுகள் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரச்சீவல்களில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையைத் தெளித்து, பரப்பி, சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்தினால் 18 மில்லிமீட்டர் பலகை தயார். மேலும் கீழும் மெலமின் தாள் ஒட்டி, விளிம்பில் பிவிசி பட்டை ஒட்டி, அளவுக்கு அறுத்து, துளையிட்டு அனுப்புகிறார்கள். தட்டையாக வருவதால் வண்டியில் இடம் மிச்சம், சேர்க்கும் கூலி மிச்சம். விலை குறைவுக்கு இதுதான் காரணம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவரில் செல்லுலோஸ் இழைகள், அவற்றைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் லிக்னின். செல்லுலோஸிலும் ஹெமிசெல்லுலோஸிலும் நிறைந்திருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தம்மோடு பிணைத்துக்கொள்ளும். சுவருக்குள் நீர் புகப் புக இழைகள் விலகும், மரம் பருக்கும். மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை இப்படி நீர் ஏறலாம். அதற்கு மேல் வரும் நீர் குழாயின் உள்வெளியில் தங்கும், பருமனைக் கூட்டாது. இழைகள் மரத்தின் நீளவாக்கில் கிடப்பதால் நீளத்தில் மாற்றம் மிகச் சொற்பம், அகலத்தில்தான் எல்லாம்.

காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது மரம் சுமார் 9 சதவீத நீரோடு இருக்கும். 80 சதவீதமானால் 16 சதவீதத்தை நெருங்கும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று உலர்த்திவிட்டுப் போகும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்ட நிழலில் இருக்கும் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனி ஆடியில் மரக்கதவு நிலையில் பிடிப்பதும், மாசியில் தானாகத் தளர்வதும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

அப்படியானால் கதவு பழைய நிலைக்கு வருகிறது, சிங்க் பலகை ஏன் வரவில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பசை தெளித்த சீவல் மெத்தை அச்சு இயந்திரத்துக்குள் போகும்போது, வெளியே வரும் பலகையைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கும். இயந்திரம் அதை வெறுமனே நெருக்கி அடுக்குவதில்லை. சீவலில் இருக்கும் கொஞ்ச நீர் சூட்டில் ஆவியாகி உள்ளே பரவுகிறது. ஈரமும் சூடும் சேர்ந்ததும் லிக்னின் இளகுகிறது. இளகிய நிலையில் அழுத்தம் விழுவதால் மரத்தின் குழாய்களே சப்பிப் போகின்றன, வட்டமாக இருந்த குழாய் தட்டையாகிறது. அதே நேரத்தில் பசை இறுகுகிறது. வெளியே எடுத்து ஆறவிட்டால் லிக்னின் மறுபடி விறைத்து, சப்பிய வடிவம் அப்படியே உறைந்து நிற்கிறது. பார்ப்பதற்கு அமைதியான பலகை. உள்ளே ஒவ்வொரு சீவலும் தன் பழைய வடிவத்துக்கு எழ முயன்றபடி, பசையாலும் விறைத்த லிக்னினாலும் கட்டுண்டு கிடக்கிறது.

இப்போது நீர் உள்ளே போகிறது. முதலில் நடப்பது கதவில் நடக்கும் அதே சாதாரணப் பருத்தல். அடுத்து நீர், சுவரின் பிடிப்பை இளக்குகிறது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசையும் நீரிலும் சூட்டிலும் மெல்லச் சிதையும் குணம் கொண்டது. கட்டு தளர்ந்ததும் அழுத்தி வைத்திருந்த விசை விடுபட்டுத் தட்டைக் குழாய்கள் எழுகின்றன, சீவலுக்கும் சீவலுக்கும் இடையே பிளவு விழுகிறது. நெல்லை ஊறவைத்துச் சூட்டோடு இடித்துத் தட்டையாக்கிய அவல், காய்ந்த நிலையில் எத்தனை மாதமும் தட்டையாகவே இருக்கும், தண்ணீர் பட்டதும் பருத்து எழும், பிறகு வெயிலில் காயவைத்தாலும் பழைய தட்டை அவல் ஆகாது. பலகையின் கதையும் அதேதான். காயும்போது சாதாரணப் பருத்தல் மட்டும் இறங்கும். குழாய் நிமிர்ந்ததால் வந்த உப்பல் இறங்காது, ஏனென்றால் மறுபடி சப்ப வைக்க அடுக்களையில் அந்தச் சூடும் அழுத்தமும் இல்லை. உப்பிய பலகையில் கீல் கழன்று தொங்குவதற்கும் இதுவே காரணம். ஸ்க்ரூவைச் சுற்றி இருந்த சீவல்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டன.

ப்ளைவுட்டில் இந்தப் பிரச்சினை குறைவு. அதில் மரத்தைச் சீவலாக்காமல் மெல்லிய ஏடாக உரித்து, ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக வைத்து, குறைந்த அழுத்தத்தில் ஒட்டுகிறார்கள். குழாய்கள் பெரும்பாலும் சப்புவதில்லை, ஆகவே எழுவதற்கும் எதுவும் இல்லை. ஐஎஸ் 710 (மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள ப்ளைவுட்டின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடக் கூடாது என்பது நிபந்தனை. மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் இந்த விஷயத்தில் பார்ட்டிகிள் போர்டின் உறவுக்காரர். கடைகளில் எச்டிஎச்எம்ஆர் என்று விற்பது அடர்த்தி கூடிய, ஈரத்தைத் தாங்கும் பசை போட்ட வகை. அதில் நீர் மெதுவாக ஏறும், ஏறவே ஏறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். கடையில் கேட்டு பார்ட்டிகிள் போர்டிலும் ப்ளைவுட்டிலும் கையளவு வெட்டுத்துண்டு ஒவ்வொன்று வாங்குங்கள். வெட்டுப்பட்ட ஓரத்தின் கனத்தை வெர்னியர் காலிபரில் அளந்து எழுதி, அந்த ஓரம் மட்டும் நனையும்படி தட்டில் விரலகலத் தண்ணீரில் ஒரு நாள் நிறுத்துங்கள். அளந்துவிட்டு ஒரு வாரம் நிழலில் காயவைத்து மறுபடி அளந்தால் எது இறங்கியது, எது இறங்கவில்லை என்று எண்ணிலேயே தெரியும். பார்ட்டிகிள் போர்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், சீவல் உதிரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல அறிவியல் கண்காட்சி இது.

இந்தச் சோதனையோடு இன்னொன்றையும் கவனியுங்கள். மெலமின் ஒட்டிய பரப்பில் நீர் நின்றால் ஒன்றும் ஆகாது, வெட்டிய ஓரம்தான் வாசல். தொழிற்சாலையில் வெட்டிய விளிம்புகளுக்குப் பட்டை இருக்கிறது. பிளம்பர் வந்து சிங்க் குழாய்க்காக வீட்டில் போடும் ஓட்டைக்கு எதுவும் இல்லை. அந்த ஓட்டையின் உள்வளையத்தில் வார்னிஷ் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, குழாயைச் செருகியபின் சிலிக்கானால் சுற்றி அடைக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் விட்டுவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே வாசகிக்கு என் யோசனை: சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டியை மட்டும் ஐஎஸ் 710 ப்ளைவுட்டிலோ அலுமினியத்திலோ செய்துவிட்டு, மற்றதை மலிவு வகையில் வாங்குங்கள். எல்லாப் பெட்டிக்கும் 10 சென்டிமீட்டர் பிவிசி கால் கட்டாயம், தரையில் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் நமக்கு உண்டு. குக்கர் ஆவி நேராக அடிக்கும் இடத்துக்கு மேலே பெட்டி வேண்டாம். குளச்சல், முட்டம் போலக் கடலோரமாக இருந்தால் கீல் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் படிந்த உப்புத்தூள் தானே நீரை இழுத்துக் கரைந்து இரும்பை அரிக்கும். பலகை வாங்கும்போது ஃபார்மால்டிஹைடு வெளியீடு குறைந்த இ1 வகையா என்று கேளுங்கள்.

வாஸ்து பற்றியும் சொல்லியாக வேண்டும். அடுப்பு அக்னி மூலைக்கு, சிங்க் ஈசானியத்துக்கு என்று திசை பார்த்து, குழாயை அறை முழுக்கச் சுற்றிக் கொண்டுபோகிறார்கள். இணைப்பு கூடக் கூட ஒழுகும் இடமும் கூடும். திசை பார்க்கத்தான் வேண்டும் என்றால் தென்மேற்கு மழைச்சாரல் எந்தச் சுவரை நனைக்கிறது என்று பாருங்கள். பலகைக்குக் கேடு அந்தச் சுவரிலிருந்துதான் வரும். அதை ஒட்டிப் பெட்டி வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டுமென்றால் காற்று போக இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலை இத்தனை மழைக்குப் பிறகும் நிற்பதில் தாழ்ந்த கூரைக்கும், காற்று ஓடவிடும் மர அழிக்கும் (மரச்சட்டத் தடுப்பு) பெரிய பங்கு உண்டு.

ஒரு ஆதங்கமும் இருக்கிறது. தேங்காய் மட்டையில் லிக்னின் மிக அதிகம். அதைப் பொடித்துச் சூட்டில் அழுத்தினால், வெளியிலிருந்து பசையே சேர்க்காமல், அதன் சொந்த லிக்னினே பிடித்துப் பலகையாகிவிடும் என்று நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். மட்டை நம் தோப்புகளில் குவிகிறது. கயிறு வாரியத்தின் ஆய்வு நிலையம் ஆலப்புழையில், மர அறிவியல் நிறுவனம் பெங்களூருவில். நம் ஈரத்துக்கும் நம் மட்டைக்கும் ஏற்ற பலகையை உருவாக்க ஒரு சோதனை ஆலைக்கு அரசு பணம் ஒதுக்கினால் அது வீண்செலவு ஆகாது. நம் சிங்க் அடியில் நிற்கிற பலகையை நாமே சோதித்துத் தேர வேண்டும்.

அப்புறம், பெட்டி வந்ததும் அன்றைக்கே சேர்க்க வேண்டாம். உறையைப் பிரித்து, அடுக்களையிலேயே சில நாள் நிற்க வைத்தால் பலகை நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குப் பழகிவிடும். மாசி பங்குனியில் சேர்த்தால் இன்னும் நல்லது. முதல் மழைக்காலம் முடிந்ததும் ஸ்க்ரூக்களை ஒரு சுற்று சரிபார்த்து, தளர்ந்ததை மட்டும் கையால் முடுக்குங்கள். மெஷின் வைத்து முடுக்கினால் சீவல் நொறுங்கிப் பிடிமானமே போய்விடும்.