குதிகால் எலும்பில் பிறழ்ந்தது யார்?

உடல்நலக் கட்டுரைகளிலும் மருத்துவ மொழிபெயர்ப்புகளிலும் 'அனாடமிக்கல் வேரியேஷன்' (ஆளுக்கு ஆள் உடலமைப்பில் இயல்பாக இருக்கும் வித்தியாசம்) வந்தால் போதும், 'உடற்கூற்றுப் பிறழ்வு' என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் 'பிறவிக் குறைபாடு' என்கிறார்கள். இது எவ்வளவு அபத்தம் என்று குதிகால் எலும்பே காட்டிக்கொடுத்துவிடும்.

எலும்பின் பெயர் கால்கேனியஸ். லத்தீனில் கால்க்ஸ் என்றால் குதிகால். தமிழில் குதிகால் எலும்பு என்றாலே எல்லோருக்கும் புரியும். வேரியேஷனுக்கு மூலம் 'வேரியஸ்', அதாவது பலவிதமான. குறை என்ற வாடையே அதில் இல்லை.

குதிகால் எலும்பின் மேல், டாலஸ் என்ற கணுக்கால் எலும்பு வந்து உட்கார வழவழப்பான மூட்டுப் பரப்புகள் உண்டு. பாடப்புத்தகப் படத்தில் முன், நடு, பின் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கும். ஆனால் பலருக்கு முன்பரப்பும் நடுப்பரப்பும் சேர்ந்து நீளமான ஒரே பரப்பாக இருக்கிறது. சிலருக்கு முன்பரப்பே கிடையாது. ஐரோப்பிய எலும்புகளில் தனித்தனி வகை அதிகம். இந்திய எலும்புகளை ஆராய்ந்தவர்கள் அதிகம் கண்டது சேர்ந்த வகையை. அப்படியானால் நம்மில் பெரும்பாலோர் பிறழ்ந்தவர்களா? எதிலிருந்து பிறழ்ந்தோம், யாரோ வரைந்த படத்திலிருந்தா?

பிறழ்தல் என்றால் முறை தவறுதல். நீதிமன்றத்தில் பல்டி அடிப்பவரைத்தான் பிறழ்சாட்சி என்கிறோம். 'திரிபு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. வைரஸுக்கு அது சரி, ஒன்று மாறி இன்னொன்றாகிறது. இந்த எலும்பு எதிலிருந்தும் திரிந்து வரவில்லை. 'மாறுபாடு' அவ்வளவு மோசமில்லை என்றாலும், முன்பு வேறு மாதிரி இருந்து மாறியது போன்ற சாயல் அதில் ஒட்டிக்கொள்கிறது. உண்மையில் அழகாகப் பொருந்துவது 'விகற்பம்'. வெண்பாவில் எதுகை மாறி வந்தால் பலவிகற்பம் என்கிறோமே தவிர, யாரும் அதைப் பிழை என்பதில்லை. ஆனால் அது வடசொல் என்று ஒரு தரப்பு சண்டைக்கு வரும், யாப்புப் படிக்காதவருக்குப் புரியவும் புரியாது. சரி, 'அமைப்பு வேறுபாடு' என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் புரியும், யார்மேலும் பழி போடாது.

மருத்துவத்தில் இதற்கு முக்கியத்துவம் இருக்கிறதே, அப்போது குறைதானே என்று கேட்பார்கள். முக்கியத்துவம் வேறு, குறை வேறு. தட்டைப்பாதத்தைச் சரிசெய்ய, குதிகால் எலும்பின் முன்பகுதியை வெட்டி, இடையில் எலும்புத்துண்டு வைத்து நீளமாக்கும் அறுவை ஒன்று உண்டு. 1975-இல் டில்வின் எவன்ஸ் என்ற அறுவை மருத்துவர் விவரித்தது. முன்பரப்புக்கும் நடுப்பரப்புக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் வெட்டு விழுந்தால் மூட்டுக்குச் சேதமில்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் அந்தப் பள்ளமே இல்லை. வெட்டு குருத்தெலும்பைக் கிழித்துக்கொண்டு போகலாம். இதை அறுவை செய்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்காக நோயாளியின் காலைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

எலும்பின் வெளிப்பக்கத்தில் இருக்கும் சிறு புடைப்பும் இப்படித்தான். ஒருவருக்குத் தெரியவே தெரியாது, இன்னொருவருக்குத் துருத்திக்கொண்டிருக்கும். பெரிதாக இருந்து செருப்பில் உரசினாலோ பக்கத்துத் தசைநாணை உறுத்தினாலோதான் வைத்தியம்.

'பிறழ்வு' என்ற சொல்லைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அதற்கும் இந்த எலும்பிலேயே இடம் இருக்கிறது. தனித்தனியாக இருக்க வேண்டிய குதிகால் எலும்பும் டாலஸும் சிலருக்குப் பிறவியிலேயே எலும்பாலோ குருத்தெலும்பாலோ நாராலோ பிணைந்திருக்கும். பாதம் இறுகிப்போய், பெரும்பாலும் வளரும் வயதில் வலி தொடங்கும். அது பிறழ்வு. மூட்டுப் பரப்புகள் சேர்ந்திருப்பதையும், எலும்புகள் பிணைந்திருப்பதையும் ஒரே 'இணைவு' என்று மொழிபெயர்க்கும் ஆட்களை என்ன செய்வது? முன்னதற்கு 'சேர்ந்த பரப்பு', பின்னதற்கு 'எலும்புப் பிணைவு' என்று பிரித்து எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?