பொங்கலுக்கு மழை இருக்கா என்று கேட்பவர்கள் காற்று இருக்கா என்று கேட்பதில்லை

மார்கழி முடியப்போகிறது என்றால் என் கைப்பேசிக்கு ஒரே கேள்விதான் வரும். "பொங்கலுக்கு மழை இருக்கா சார்?" வானிலை முன்னறிவிப்பு வேலையில் 28 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இருக்காது என்று சொன்னால் "அப்பாடா" என்று போனை வைத்துவிடுவார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படுவதில்லை.

பெரும்பாலான ஆண்டுகளில் பொங்கல் வாரம் சாதுவான வாரம்தான். சென்னையில் பகலில் 29, 30 டிகிரி, இரவில் 21 டிகிரியை ஒட்டி இருக்கும். 1905 ஜனவரி 29 அன்று நுங்கம்பாக்கத்தில் 13.9 டிகிரி பதிவானதுதான் இன்றுவரை அங்கே ஜனவரியின் மிகக் குறைந்த அளவு. டெல்லிக்காரரிடம் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார். அறிக்கையும் இரண்டே வரியில் முடிந்துவிடும்: "வறண்ட வானிலை நிலவக்கூடும். அதிகாலை வேளையில் லேசான பனிமூட்டம் காணப்படும்." இந்த மாதிரி அறிக்கையைப் பார்த்தால் நான் அடுத்துத் தேடுவது காற்றின் வேகத்தை. காற்று இல்லை என்றால்தான் எனக்குக் கவலை.

வடகிழக்குப் பருவமழை இருக்கும்வரை மேகமும் ஈரக்காற்றும் இரவில் போர்வை மாதிரி மூடியிருக்கும். ஜனவரியில் அது விலகி வானம் தெளிந்ததும், பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவெல்லாம் இழந்துகொண்டே இருக்கிறது. காற்று வீசினால் மேலிருக்கும் இளஞ்சூடு கீழே வந்து கலந்துவிடும். வீசாவிட்டால் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் தனித்தனி அடுக்காக நின்றுவிடும். வழக்கமாக மேலே போகப்போகக் குளிர வேண்டும், இங்கே தலைகீழ். பானைக்கு மூடி போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிக்குக் கீழே ஈரம் இருந்தால் பனிமூட்டம், புகை இருந்தால் புகைமூட்டம். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிவைத்தவர் யாரோ, அவர் நல்ல வானிலைக்காரர்.

லேசான பனிமூட்டம் எவ்வளவு லேசானது என்பதை ஒரு போகிக்கு முந்தின இரவில் கற்றுக்கொண்டேன். சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பினோம். அன்றைய அறிக்கையில் அந்த வாக்கியத்தை எழுதியதே நான்தான். விக்கிரவாண்டி, பண்ருட்டி வரை ஒன்றுமில்லை, நட்சத்திரம் தெரிந்தது. சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது மணி நாலரை. வீராணம் ஏரி பக்கம், இரண்டு புறமும் தண்ணீர் நிற்கும் வயல். திடீரென்று சாலையே இல்லை. டிரைவர் ஹைபீம் போட்டார், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. லோபீமுக்கு மாற்றி ஊர்ந்தபோது, பத்தடி முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்விளக்கு இல்லாமல். "இதுதான் உங்க லேசான பனிமூட்டமா?" என்று மனைவி கேட்டது இப்போதும் வீட்டில் அடிக்கடி வரும் வசனம்.

எங்கள் கணக்கில் 1000 மீட்டருக்குள் பார்வை குறைந்தால் அது மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்தது, 50 மீட்டருக்குக் கீழே மிக அடர்ந்தது. ஆனால் அறிக்கை மாவட்டத்துக்குத்தான் பேசும், உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் பேசாது. அதனால் ஊருக்குப் போகிறவர்கள் அதிகாலை 3 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் ஏரி, ஆறு, நெல்வயல் ஓரச் சாலைகளில் இல்லாத மாதிரி கிளம்பும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் லோபீமில் மெதுவாகப் போங்கள். நிறுத்துவதென்றால் சாலையை விட்டு முழுதாக இறங்கி நிறுத்துங்கள். பின்னால் வருபவருக்கும் கண் தெரியாது.

அடுத்தது போகி. 2018 ஜனவரி 13 காலை சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கவும் கிளம்பவும் முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். பனி மட்டும் என்றால் அவ்வளவு மோசமாகியிருக்காது. புகைத் துகள் ஒவ்வொன்றும் ஈரம் ஒட்டிக்கொள்ள ஓர் இடம். புகை கூடினால் பனிமூட்டமும் தடிக்கும், வெயில் ஏறிய பிறகும் சீக்கிரம் கலையாது. நாமோ அந்த மூடி மிகத் தாழ்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, விடிகாலை நான்கு மணிக்கு டயரைக் கொளுத்துகிறோம்! எரிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அன்று வெயில் நன்றாக ஏறும்வரை ஜன்னலைத் திறக்காதீர்கள், நடைப்பயிற்சியை மாலைக்குத் தள்ளிவையுங்கள்.

விடுமுறைக்கு ஊட்டி போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. வெப்பமானி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. அது 3 டிகிரி காட்டும்போதே புல்தரையில் பூஜ்யமாகியிருக்கலாம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு ஓடும். தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது மேட்டில் இருக்கும் விடுதியில் ஒன்றுமே இருக்காது. போட்டோ எடுப்பவர்களுக்கு அது கொண்டாட்டம், தேயிலைக்காரருக்குக் கருகிய கொழுந்து.

டெல்டாவுக்கு வருகிறேன். என் அத்தை மகன் திருவாரூர் பக்கம் விவசாயம் பார்க்கிறான். ஒரு தை மாதம் காலையில் போன். "என்ன மச்சான், வறண்ட வானிலைன்னு போட்டிருந்தே, நெல்லு நனைஞ்சு கிடக்குதே?" மழை ஒரு சொட்டு இல்லை. காற்றில்லாத இரவில் களத்தில் திறந்து கிடந்த நெல்லில் பனி இறங்கியிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அரசு சில ஆண்டுகளில் தளர்த்தும், ஆனால் அதை நம்பிக் களத்தில் கொட்டிவைக்க முடியாது. மறுபடி காய வைத்து, வரிசையில் மூன்று நாள் கூடுதலாகக் காத்திருந்தான். அவனிடம் வாதாட எனக்கு வாயில்லை. என் அறிக்கை சரி, அவன் நஷ்டமும் நிஜம்.

சரி, மழையே வராதா என்றால், வரும். "கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக" என்று அறிக்கை தொடங்கினால் டெல்டாக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். 2021 பொங்கலை ஒட்டிக் கொட்டிய மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்தது. இன்னொன்று, எங்கள் பாஷையில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் தாண்ட வேண்டும். 15 மில்லிமீட்டர் பெய்தாலும் அது "லேசான மழை"தான். களத்தில் நெல் வைத்திருப்பவனுக்கு அது லேசானதா? "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி உள்ள இடங்களில் கால் பங்குக்குள் என்று அர்த்தம். அந்தக் கால் பங்கில் உங்கள் களம் இருக்காது என்று யாரும் எழுதித் தரவில்லை.

ஏழு நாள் முன்னறிவிப்பில் முதல் மூன்று நாளை நம்பி வேலையைத் திட்டமிடலாம். ஐந்தாம் நாளுக்கு மேல் இருப்பதை வைத்து அறுவடை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், தினமும் மாலையில் புது அறிக்கையைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போன வருடத்துப் புயல் படம் இந்த வருடமும் சுற்றும்.

அத்தை மகன் இப்போதெல்லாம் இரவுக்குக் காற்று எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறான். இல்லை என்றால் சூரியன் இறங்குவதற்கு முன்பே நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் செங்கல் வைத்துவிடுகிறான். காலையில் பாயின் மேலே நிற்கும் தண்ணீரை வழித்துவிட்டு, பக்கத்துப் புல் காய்ந்த பிறகுதான் பிரிக்கிறான்.