சிறுநீரில் உதிரும் செல்கள்

சிறுநீர்ப்பையின் உட்சுவர் தன் பழைய செல்களை ஓயாமல் உதிர்க்கிறது. அவை சிறுநீரோடு வெளியேறிவிடும். அங்கே புற்றுநோய் வளர்ந்தால் அதன் செல்களும் அதே வழியில்தான் வரும். கணையக் கட்டியிலிருந்து செல்லை எடுக்க ஊசி செலுத்த வேண்டும். இங்கே ஒரு சிறிய டப்பா போதும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனையைத் தந்த ஜார்ஜ் பாபனிகொலாவ், விக்டர் மார்ஷலுடன் சேர்ந்து 1945-ல் சிறுநீரிலும் இதைச் செய்துகாட்டினார். சிறுநீரை வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கும் படிவைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். உட்கரு பெருத்து, கருத்து, விளிம்பு கோணலாக இருந்தால் சந்தேகம் வரும். சைட்டாலஜி எனப்படும் இந்தச் சோதனைக்குக் காலையில் கழிக்கும் முதல் சிறுநீர் உதவாது. இரவு முழுக்க அதில் ஊறிய செல்கள் சிதைந்திருக்கும்.

வீரியமான புற்றுநோயைச் சைட்டாலஜி நன்றாகவே பிடிக்கும். வீரியம் குறைந்த கட்டியின் செல்களோ பார்வைக்கு இயல்பான செல்களைப் போலவே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். சிறுநீர்த் துளை வழியே கேமராவைச் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியில் கதை தலைகீழ். காலிஃபிளவர் போலத் துருத்தி நிற்கும் கட்டி அதில் பளிச்சென்று தெரியும்; சுவரோடு சுவராகப் படர்ந்த வீரியமான புற்று கண்ணுக்குத் தப்பலாம். ஒன்று விட்டதை மற்றது பிடிப்பதால்தான் மருத்துவர்கள் இரண்டையும் கேட்கிறார்கள்.

சிறுநீரில் குறிப்பிட்ட புரதங்களைத் தேடும் சோதனைகளும் உண்டு. ஆனால் கல், கிருமித்தொற்று, ரத்தக்கசிவு இருந்தாலும் அவை 'ஆம்' என்று சொல்லிவிடக்கூடும். ஃபிஷ் என்ற சோதனை குரோமோசோம்களைப் பார்க்கிறது: 3, 7, 17 ஆகியவை வழக்கத்துக்கு மேல் இருக்கின்றனவா, 9-ன் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தால் எண்ணிப் பார்ப்பார்கள்.

இவற்றில் எதுவும் சிஸ்டோஸ்கோபியின் இடத்தை இன்னும் பிடித்துவிடவில்லை. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போவதுதான் இந்த நோயின் முக்கிய அறிகுறி. ஒருமுறை போய் நின்றுவிட்டால் பலர் மறந்துவிடுகிறார்கள். பெண்களுக்கு வந்தால் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து அனுப்புவது உலகெங்கும் நடக்கிறது. அதில் வீணாகும் மாதங்கள் விலைமதிப்பற்றவை. புகைபிடிப்பவர்களும், சாயத் தொழிலில் சில அமைன் ரசாயனங்களோடு புழங்கியவர்களும் ஒருமுறை ரத்தம் போனாலும் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சாயத் தொழிலாளர்களிடம் இந்த நோய் கூடுதலாக வருவதை ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-லேயே சொல்லிவிட்டார்.

இப்போது நம்பிக்கை தருவது டிஎன்ஏ சோதனை. டெர்ட் என்ற மரபணு, செல் முடிவின்றிப் பெருக உதவுவது. முதிர்ந்த செல்களில் அது அடங்கியிருக்கும். சிறுநீர்ப்பைப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் அதை இயக்கும் பகுதியில் ஓர் எழுத்து மாறி, அது விழித்துக்கொள்கிறது. ஈரானின் கோலஸ்தான் மாகாணத்தில் பல ஆண்டுகளுக்கு முன் சேகரித்து உறையவைத்த சிறுநீரை ஆராய்ந்து 2020-ல் ஒரு முடிவு வெளியானது. பின்னாளில் இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் இந்த மாற்றம் முன்கூட்டியே இருந்தது; சிலரிடம் நோய் தெரிவதற்குப் 10 ஆண்டுகள் முன்பே. ஆராயப்பட்டவர்கள் சில பத்துப் பேர்தான் என்பதால் பெரிய ஆய்வுகள் தேவை. மாற்றம் தெரிகிறது, கேமராவில் கட்டி எதுவும் இல்லை என்றால் அந்த நபரை எப்படி, எத்தனை காலம் கண்காணிப்பது என்பதை அவைதான் தீர்மானிக்க வேண்டும்.