'குவாண்டம் பென்டன்' வாங்குமுன்

கல்லடியிலும் கல்முனையிலும் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பது பிள்ளைகள் இல்லை, பெற்றோர். "சேர், கழுத்தில போடுற இந்தப் பென்டன் குவாண்டம் பின்னலில வேலை செய்யுதாம், மெய்தானா?" கூடவே வாட்ஸ்அப் வீடியோ ஒன்றையும் நீட்டுவார்கள். உயர் பரிமாணம், பல துகள் பின்னல், உடம்பின் அணுக்கள் பிரபஞ்சத்தோடு சேர்வது என்று கதை ஓடும்.

பென்டனை விடுவோம். அந்தச் சொற்களுக்குப் பின்னால் உண்மையான பௌதிகவியல் இருக்கிறது, அதுவும் அருமையானது.

நாணயத்தைச் சுண்டினால் இரண்டு முடிவுகள், லூடோக் கட்டையை உருட்டினால் ஆறு. ஒரு துகளை அளக்கும்போது எத்தனை நிலைகளைப் பிரித்துக் காணலாமோ, அதுதான் இங்கே பரிமாணம். மேலுலகம் எதுவும் இதில் கிடையாது. இரண்டு நிலைத் துகள்கள் பத்துச் சேர்ந்தால் 1,024 சேர்க்கைகள். அந்தப் பத்துக்கும் மும்மூன்று நிலைகள் என்றால் 59,049. ஆய்வாளர்கள் உயர் பரிமாணத்தைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

அப்புறம் பின்னல் (entanglement): துகள்கள் தள்ளித்தள்ளி இருந்தாலும் அவற்றின் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்துவது. மட்டக்களப்பில் ஒரு கட்டை, கல்முனையில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று. எப்போது உருட்டினாலும் மூன்றிலும் ஒரே எண் விழுகிறது என்று வையுங்கள். அவ்வளவுதான் என்றால், முன்கூட்டியே எண்ணை ஒளித்துவைத்த கள்ள வேலை என்று சொல்லிவிடலாம். கிரீன்பெர்கர், ஹோர்ன், சைலிங்கர் ஆகிய மூன்று பௌதிகவியலாளர்களும் 1989இல் இந்தச் சந்தேகத்தைத்தான் பிடித்தார்கள். பல துகள்கள் பின்னியிருக்கும்போது அவற்றை வெவ்வேறு விதமாக அளக்கலாம். ஒவ்வொரு துகளும் விடையைத் தன்னோடு கொண்டு திரிகிறது என்று கணக்குப் போட்டால் ஓர் அளவீட்டில் எல்லாத் துகள்களின் விடைகளையும் (ஒவ்வொன்றும் +1 அல்லது −1) பெருக்கினால் +1 வரவேண்டும். குவாண்டம் கொள்கையோ −1 என்கிறது. பின்னர் நடந்த பரிசோதனைகள் குவாண்டத்தின் பக்கமே நின்றன. பின்னல் பற்றிய பரிசோதனைகளுக்காக 2022இல் சைலிங்கர், அஸ்பே, கிளாவ்சர் ஆகியோருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் கட்டையை உருட்டி யாரும் செய்தி அனுப்ப முடியாது. என்ன எண் விழும் என்பது உருட்டுபவர் கையில் இல்லை. போன் கோல் எடுத்து முடிவுகளை ஒப்பிட்டால்தான் பொருத்தமே தெரியவரும். டுபாயில் இருந்துகொண்டு பின்னல் வழியாக இங்குள்ள நோயாளிக்குச் சக்தி அனுப்புகிறேன் என்பவரின் கதை இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

பல துகள்களை உயர் பரிமாணத்தில் பின்னுவது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். ஒளியின் அலைமுகம் எத்தனை முறுக்கு முறுகுகிறது என்பதை நிலைகளாகக் கொண்டு, 2016இல் வியன்னாவில் சைலிங்கரின் ஆய்வுக் குழு மூன்று ஒளித்துகள்களைப் பின்னியது. அதில் இரண்டுக்குத்தான் மூன்று நிலை, மூன்றாவதற்கு இரண்டே. மூன்றுக்கும் மும்மூன்று நிலை வர 2018 ஆனது. கருவிகளை எப்படி அடுக்குவது என்று கண்டுபிடிக்கவே மெல்வின் என்ற கணினி நிரல் தேவைப்பட்டது. இந்த வகைப் பின்னலில் ஒரு துகள் தவறினாலே மற்ற இரண்டுக்கும் இடையில் பின்னல் இல்லாமல் போகும். தவறினாலும் கொஞ்சம் மிஞ்சும் வேறு வகையும் உண்டு. அதற்காக அது சித்திரை வெயிலில் வியர்வைக் கழுத்தில் தாக்குப்பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

காசு போவதோடு முடிந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை, 5ஜியிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்ட பென்டன், கைவளையம் போன்ற பத்துப் பொருட்களில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரித்தது. பிள்ளைகளின் கைவளையமும் அதில் ஒன்று. நாள்முழுக்கத் தோலோடு ஒட்டியிருப்பதுதான் கவலை. என் பழைய மாணவன் ஒருவனின் தகப்பனுக்கு நேர்ந்தது வேறு: பென்டனை நம்பி நீரிழிவு மாத்திரையைத் தானாகவே குறைத்துவிட்டார்.

அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் கழற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள். உடைத்துப் பார்க்கவோ, அரைத்துத் தண்ணீரில் கலக்கவோ வேண்டாம். மாத்திரையை யாராவது நிறுத்தியிருந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்துக்கொண்டிராமல் இப்போதே டொக்டரிடம் கூட்டிப்போங்கள்.